மருந்தியலும் மருந்துச் சட்டமும் ஒரே பாடமாதல் வேண்டும்

சுகாதாரப் பணிக்குப் பயிலும் மாணவர்களுக்கு மருந்தைப் பற்றி இரண்டு பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன. மருந்து உடலில் என்ன செய்கிறது, உடல் அம்மருந்தை என்ன செய்கிறது என்பதை விளக்குவது மருந்தியல். மருந்தை யார் தயாரிக்கலாம், யார் விற்கலாம், எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு விற்கலாம் என்பதை வரையறுப்பது மருந்துச் சட்டம். இவ்விரண்டும் வெவ்வேறு நூல்களிலிருந்து, பெரும்பாலும் வெவ்வேறு ஆசிரியர்களால் கற்பிக்கப்படுகின்றன. இதன் பயனாக, மருந்தியல் விஞ்ஞானமாகவும் சட்டம் வெறும் மனப்பாடமாகவும் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகின்றன. ‘எச்’ அட்டவணை எது, ‘எக்ஸ்’ அட்டவணை எது என்று தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதும் மாணவர், ஒரு மருந்து அவ்வட்டவணையில் ஏன் சேர்க்கப்பட்டது என்று வினவினால் திகைத்து நிற்கிறார்.

இப்பிரிவினை நீக்கப்பட வேண்டும். சட்டத்தின் ஒவ்வொரு விதிக்கும் அடியில் மருந்தியல் உண்மை ஒன்று உண்டு. அவ்வுண்மை புறக்கணிக்கப்பட்டதால் நேர்ந்த மரணங்கள் பல விதிகளுக்கு முன்னே நிற்கின்றன. காரணத்தை அறிந்தவரே விதியை நினைவில் வைப்பார். நினைவில் வைப்பவரே வேண்டிய நேரத்தில் அதைக் கைக்கொள்வார்.

நம் நாட்டு வரலாறே இக்கருத்துக்குச் சான்று பகர்கிறது. இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் முற்பகுதியில், கொய்னா உள்ளிட்ட மருந்துகள் கலப்படமாகவும் வீரியம் குறைந்தும் இந்தியச் சந்தையில் விற்கப்பட்டு வந்தன. இதனை ஆராய 1930-இல் அரசாங்கம் ஒரு குழுவை நியமித்தது. அக்குழுவின் தலைமை சட்ட அறிஞர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படவில்லை. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியராக விளங்கிய ஆர். என். சோப்ராவிடமே ஒப்படைக்கப்பட்டது. 1931-இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கையை அடியொற்றியே 1940-இல் மருந்துச் சட்டமும், 1945-இல் அதன் விதிகளும் தோன்றின. பின்னர் 1948-இல் மருந்தாளுநர் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டமும், 1954-இல் மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டமும், 1955-இல் இந்திய மருந்து நூலின் முதற் பதிப்பும் வெளிவந்தன. மருந்தியல் வல்லுநர் ஒருவரின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த சட்டத்தை மருந்தியலிலிருந்து பிரித்துக் கற்பிப்பது, வேரை வெட்டிவிட்டு மரத்தைக் காட்டுவதை ஒக்கும்.

கரைப்பானால் நேர்ந்த கேடு

இதனை விளக்க ஓர் எடுத்துக்காட்டு போதும். 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு என்னும் மருந்து திரவ வடிவில் விற்பனைக்கு வந்தது. அம்மருந்து தொற்றுநோய்களுக்கு நன்கு பயன்பட்டதே. ஆனால் அதைக் கரைப்பதற்கு டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் பொருள் சேர்க்கப்பட்டிருந்தது. அதன் நச்சுத்தன்மையை உயிரினங்களிடம் சோதித்துப் பார்க்காமலே மருந்து வெளியிடப்பட்டது. 105 பேர் மாண்டனர். அவர்களுள் 34 பேர் குழந்தைகள். விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் அந்நாளில் விதிக்கவில்லை. ‘எலிக்சர்’ என்று பெயரிட்ட மருந்தில் சாராயம் இருத்தல் வேண்டும். இதில் அது இல்லை என்ற பெயர்க் குற்றத்தைக் கொண்டே அதிகாரிகள் புட்டிகளைப் பறிமுதல் செய்தனர். அடுத்த ஆண்டே, அதாவது 1938-இல், புதிய சட்டம் இயற்றப்பட்டது.

இதிலிருந்து மாணவர் அறியத்தக்க முதல் மருந்தியல் பாடம் யாது? மருந்து என்பது நோயைத் தீர்க்கும் செயற்படு பொருள் மட்டுமன்று. அதைக் கரைக்கும் திரவம், இனிப்பூட்டும் பொருள், நிறமூட்டும் பொருள் யாவும் சேர்ந்ததே மருந்து என்பதாகும். உடல் இவற்றுள் வேறுபாடு காண்பதில்லை. வாய்வழிச் சென்ற யாவற்றையும் அது உறிஞ்சுகிறது, கல்லீரலில் மாற்றுகிறது, சிறுநீரகத்தின் வழியே வெளியேற்ற முற்படுகிறது. டைஎத்திலீன் கிளைக்கால் இவ்வாறு மாற்றப்படும்போது டைகிளைக்காலிக் அமிலம் என்னும் பொருள் தோன்றி, சிறுநீரக நுண்குழல்களின் செல்களை அழிக்கிறது. முதலில் வாந்தியும் வயிற்று வலியும் காணும். பின்னர்ச் சிறுநீர் குறையும். அதன் பின் அறவே நின்றுபோகும்.

இக்கேடு அமெரிக்காவோடு முடிந்துவிட்டது என்று எண்ணுதல் பெருந்தவறு. 1972-இல் சென்னையில் 15 குழந்தைகள் இதே நஞ்சினால் மாண்டனர். 1986-இல் பம்பாயில், மூளையிலும் கண்ணிலும் ஏற்படும் அழுத்தத்தைக் குறைக்கக் கொடுக்கப்பட்ட கிளிசரினில் இந்நஞ்சு கலந்திருந்தமையால் 14 நோயாளிகள் உயிரிழந்தனர். 1998-இல் டில்லியை அடுத்த குர்காவ் பகுதியில் 33 குழந்தைகள் மடிந்தனர். 2019-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2020-இன் தொடக்கத்திலும் ஜம்முவின் ராம்நகர்ப் பகுதியில் பத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பலியாயினர். 2022-இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் ஏறக்குறைய 70 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, இந்தியாவிலிருந்து சென்ற இருமல் மருந்துகளில் இவ்வகை நஞ்சு இருந்ததாக உலகச் சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடா மாவட்டத்திலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அவர்கள் உட்கொண்ட இருமல் மருந்து தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா அதனை ஆய்ந்தபோது 48.6 சதவீத அளவில் இந்நஞ்சு காணப்பட்டது. மருந்து நூல் அனுமதிக்கும் எல்லையோ 0.1 சதவீதமே.

1937-இலேயே காரணம் கண்டறியப்பட்ட ஒரு நஞ்சு மீண்டும் மீண்டும் எவ்வாறு மருந்துப் புட்டிக்குள் நுழைகிறது? பாராசிட்டமால் போன்ற மருந்துகள் நீரில் எளிதிற் கரைவதில்லை. ஆகவே புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் முதலிய கரைப்பான்கள் தேவைப்படுகின்றன. டைஎத்திலீன் கிளைக்காலும் அவற்றைப் போலவே நிறமற்றது, இனிப்பானது, விலையோ குறைவு. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய மலிவான கரைப்பானை வாங்குபவரும், அதைச் சோதிக்காமல் கலப்பவரும் இருக்கும் வரையில் அது நுழைந்துகொண்டேதான் இருக்கும். கண்ணும் நாவும் இவற்றை வேறுபடுத்தி அறிய முடியாது. இரசாயனப் பரிசோதனையே அறியும். ‘ஒவ்வொரு தொகுதி மூலப்பொருளையும் பயன்படுத்துமுன் சோதிக்க’ என்னும் விதியின் பொருள் இதுவே. 2023 ஜூன் 1 முதல், ஏற்றுமதியாகும் இருமல் மருந்துகள் அரசாங்கம் ஏற்ற பரிசோதனைச் சாலையில் சோதிக்கப்பட்ட பின்னரே கப்பலேற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அவ்விதி பிறந்தபோது உள்நாட்டுக் குழந்தைக்கு விற்கும் புட்டிக்கு அது பொருந்தவில்லை. இது சிந்திக்கத்தக்கது.

புட்டியின்மேல் உள்ள சீட்டு

மருந்துப் புட்டியின்மேல் ஒட்டியுள்ள சீட்டைவிடச் சிறந்த பாடநூல் வேறில்லை. அதன் ஒவ்வொரு வரியும் சட்டத்தால் விதிக்கப்பட்டது. ஒவ்வொரு வரிக்கும் மருந்தியலில் காரணம் உண்டு.

முதல் வரி, மருந்தின் இயற்பெயரும் அளவும். வணிகப் பெயர்கள் பல, பொருள் ஒன்றே. காய்ச்சலுக்கு ஒரு திரவமும் சளிக்கு மற்றொரு திரவமும் வாங்கும் தாய், இரண்டிலும் பாராசிட்டமாலையே கொடுக்கிறாள் என்பதை அறியாள். அளவிலும் இத்தகைய மயக்கம் உண்டு. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் திரவம் 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் கொண்டதாகவும், 250 மில்லிகிராம் கொண்டதாகவும் கிடைக்கிறது. சிசுக்களுக்கான சொட்டு மருந்தில் 1 மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் உண்டு. ஒரு வேளைக்கு உரிய அளவு உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஐந்து கிலோ எடையுள்ள சிசுவுக்கு அதிக அளவாக 75 மில்லிகிராம் போதும். முதலிற் கூறிய திரவத்தில் இது 3 மில்லிலிட்டர். சொட்டு மருந்தில் முக்கால் மில்லிலிட்டர். சொட்டு மருந்தைத் தேக்கரண்டியால் 5 மில்லிலிட்டர் ஊட்டினால் 500 மில்லிகிராம் உட்சென்றுவிடும். கல்லீரல் பாராசிட்டமாலை ஓர் எல்லை வரையில்தான் தீங்கின்றி மாற்ற வல்லது. அவ்வெல்லையைத் தாண்டிய அளவு நச்சுப் பொருளாக மாறிக் கல்லீரலையே அழிக்கிறது. நன்மை செய்யும் அளவுக்கும் தீமை செய்யும் அளவுக்கும் இடையே உள்ள தூரமே மருந்தியலின் உயிர்நாடி. அத்தூரத்தைக் காப்பதே இவ்வரியின் நோக்கம்.

இரண்டாவது, மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்னும் எச்சரிக்கை. அமாக்சிசிலின் இரத்தத்தில் பாதியளவாகக் குறைய ஏறக்குறைய ஒரு மணி நேரமே ஆகிறது. ஆகையால் அது நாளொன்றுக்கு மும்முறை கொடுக்கப்படுகிறது. அசித்ரோமைசினுக்கோ ஏறக்குறைய 68 மணி நேரம் ஆகிறது. நாளொன்றுக்கு ஒரு முறை போதும். இவ்வேறுபாட்டை அறியாது இடையில் நிறுத்தினாலும், வேளை தவறினாலும், தேவையின்றி உட்கொண்டாலும், வலிமை மிக்க கிருமிகள் எஞ்சிப் பெருகுகின்றன. அவை பின்னர் அண்டை வீட்டாரையும் தாக்குகின்றன. ஒருவர் தவறாக உட்கொண்ட மருந்து மற்றொருவருக்குப் பயனற்றுப்போவது வேறெவ்வகை மருந்திலும் காணாத விந்தை. இதனாலேயே 2014 மார்ச்சு 1 முதல் ‘எச்-1’ என்னும் தனி அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதில் 46 மருந்துகள் சேர்க்கப்பட்டன. இவற்றை விற்பவர், சீட்டு எழுதிய மருத்துவரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் விற்ற அளவையும் பதிவேட்டில் குறித்து, மூன்று ஆண்டுகள் பாதுகாத்தல் வேண்டும்.

மூன்றாவது, யாருக்குக் கொடுக்கலாகாது என்னும் குறிப்பு. குழந்தையைச் சிற்றுருவம் படைத்த பெரியவர் என்று கருதுதல் கூடாது. பிறந்த சிசுவின் கல்லீரல் குளோராம்ஃபெனிக்காலை மாற்றும் திறனை முழுமையாகப் பெற்றிராததால், அம்மருந்து உடலில் தேங்கிச் சிசு சாம்பல் நிறமடைந்து இறப்பதை மருத்துவ உலகம் 1959 அளவில் உணர்ந்தது. கருவுற்ற தாய் உண்ட தாலிடோமைடு கருவைச் சென்றடைந்து, 1957-க்கும் 1961-க்கும் இடையே பல நாடுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை ஊனமாக்கியது. நம் நாட்டில் 2011-இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு நிமிசுலைடு தடை செய்யப்பட்டது. குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் ஆகியவை சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என்று 2023 டிசம்பரில் அறிவுறுத்தப்பட்டது. சிந்துவாடாவில் கொடுக்கப்பட்ட மருந்தும் அவ்விரு பொருள்களையும் கொண்டதே. இறந்தவர்களுட் பலர் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். நஞ்சு கலவாதிருந்தாலும் மிகச் சிறிய குழந்தைகளுக்கு அது ஏற்றதன்று.

நான்காவது, பாதுகாக்கும் முறையும் காலாவதி நாளும். பிரசவத்திற்குப்பின் இரத்தப் பெருக்கை நிறுத்த உதவும் ஆக்சிடோசின் ஊசி மருந்தை 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைத்தல் வேண்டும். வெயிலில் கிடந்த குப்பியிலுள்ள மருந்து பார்வைக்கு மாறாமலே வீரியத்தை இழந்துவிடும். அதன் விலையைத் தாய் உயிராற் கொடுக்க நேரும். காலங்கடந்த மருந்து வீரியம் குறைவதோடு நிற்பதுமில்லை. கெட்டுப்போன டெட்ராசைக்ளின் சிறுநீரகத்தைத் தாக்கியது 1963-இல் வெளியான மருத்துவக் கட்டுரையில் விவரிக்கப்பட்டது.

ஐந்தாவது, பலரும் படிக்காமலே விடும் தொகுதி எண். ஓர் ஊரில் ஒரு குழந்தை நோயுற்றால், அதே கொப்பரையில் தயாரான ஏனைய புட்டிகள் எம்மாநிலத்தில் எக்கடையில் உள்ளன என்பதைக் கண்டுபிடிக்க இந்த எண்ணே வழி. ஒரு மாநிலத்தில் செய்த மருந்து மற்றொரு மாநிலத்தில் விற்கப்படும் நம் நாட்டில், தயாரிப்புக்கும் விற்பனைக்கும் உரிமம் வழங்குவது மாநில அரசாங்கங்களே. ஆதலால் இரு மாநில அதிகாரிகளையும் இணைக்கும் கயிறு இந்த எண்தான். புட்டியைக் குப்பையில் எறிந்துவிட்டால் அக்கயிறு அறுந்துபோகும்.

எழக்கூடிய மறுப்புகள்

பாடத்திட்டம் ஏற்கெனவே சுமை மிகுந்தது; இன்னும் ஒன்றைச் சேர்ப்பது எவ்வாறு என்று ஆசிரியர் சிலர் கேட்கலாம். இங்கே கூறப்படுவது சேர்த்தலன்று, இணைத்தலேயாம். விதியைக் காரணத்தோடு கற்பித்தால் இரு முறை கற்பிக்கும் நேரம் மிச்சப்படும்.

சட்டத்தைக் காப்பது மருந்து ஆய்வாளர் கடமை. கிராமத்தில் பணிபுரியும் செவிலியருக்கு அதில் என்ன வேலை என்று வேறு சிலர் கேட்கலாம். இம்மறுப்பு ஆராயத்தக்கது. ஆய்வாளர் தொழிற்சாலையையும் கடையையும் காண்கிறார்; நோயாளியைக் காண்பதில்லை. அவர் எடுத்துச் செல்வது மாதிரி. எல்லாப் புட்டிகளையும் சோதிக்க எந்த நாட்டாலும் இயலாது. மருந்து உட்சென்றபின் நேர்வதை முதலிற் காண்பவர் களப் பணியாளரே. சளிக்காக மருந்துண்ட குழந்தை இரண்டு நாளாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்று தாய் சொல்லும்போது, அச்சொல்லின் பொருளை அவர் உணர்ந்தாரானால் ஒரு குழந்தை பிழைப்பதோடு, ஒரு தொகுதி மருந்தே சந்தையிலிருந்து விலக்கப்படக்கூடும். உணராவிட்டால் காய்ச்சலின் மீது பழியைச் சுமத்திவிட்டு அதே மருந்தை இன்னொரு வீட்டிற்கும் பரிந்துரைக்க நேரும்.

புதிய மருந்தைப் பற்றியும் இதையே கூற வேண்டும். விற்பனைக்கு முன் அது சில ஆயிரம் பேரிடமே சோதிக்கப்படுகிறது. 3,000 பேரிடம் ஒரு தீய விளைவு ஒரு முறையும் தோன்றாவிட்டாலும், ஆயிரத்தில் ஒருவருக்கு அது நேரக்கூடும் என்பதைக் கணக்கியல் மறுப்பதில்லை. மனிதர் உடலும் ஒரே தன்மையதன்று. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனையசிட்டைச் சிலர் உடல் விரைவாகவும் சிலர் உடல் மெதுவாகவும் மாற்றுகிறது. 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தில் இவ்வேறுபாடு விரிவாக ஆராயப்பட்டது. ஆகவே உரிமம் பெற்றதோடு மருந்தின் சோதனை முடிந்துவிடுவதில்லை. மக்களிடையே அது தொடர்கிறது. அச்சோதனையின் முடிவை எழுதும் கை களப் பணியாளருடையது.

இவ்வாறெல்லாம் கற்பித்தால் மக்கள் மருந்தின்மேல் நம்பிக்கை இழப்பார்கள் என்பது மூன்றாவது மறுப்பு. உண்மை இதற்கு மாறானது. நம்பிக்கையைக் கெடுப்பது மறைக்கப்பட்ட விபத்தே. கேள்வி கேட்கும் பணியாளர் ஊரில் இருக்கிறார் என்பது மக்களுக்கு ஊக்கமளிக்கும்.

செய்யத்தக்கவை

ஆசிரியர்கள் மருந்தியல் வகுப்புக்குக் காலிப் புட்டிகளையும் மாத்திரை அட்டைகளையும் கொண்டுவருதல் நலம். மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சீட்டை வரி வரியாகப் படித்து, அவ்வரி ஏன் அங்கே இருக்கிறது என்று கூற வேண்டும். தேர்விலும், ‘எச்-1 அட்டவணை பற்றிக் குறிப்பு வரைக’ என்பதற்கு மாறாக, ‘இம்மருந்து இவ்வட்டவணையில் இல்லாதிருந்தால் என்ன நேரும்’ என்று கேட்கலாம்.

களப் பணியாளர் அறிய வேண்டியவை சில. மருந்தினால் தீய விளைவு நேர்ந்ததாக ஐயம் தோன்றினாலே அறிவிக்கலாம். மெய்ப்பித்தல் அவர் பொறுப்பன்று. 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் தலைமை நிலையம் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்து நூல் ஆணையத்தில் இயங்குகிறது. மருத்துவர் மட்டுமன்றிச் செவிலியர், மருந்தாளுநர், நோயாளி ஆகிய எவரும் அதற்கு எழுதலாம். 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியிலும் கூறலாம். அறிக்கையில் மருந்தின் பெயர், தொகுதி எண், கொடுத்த அளவு, கொடுத்த நாள், விளைவு தோன்றிய நாள் ஆகியவை இருத்தல் வேண்டும். எஞ்சிய மருந்தோடு புட்டியைப் பத்திரப்படுத்த வேண்டும்.

மருந்துச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு இன்னும் பரவலாக அறியப்படவில்லை. தாம் விலைகொடுத்து வாங்கிய மருந்தை எந்தக் குடிமகனும் உரிய கட்டணம் செலுத்தி அரசாங்கப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, அவர் கையொப்பமிட்ட அறிக்கையைப் பெறலாம் என்று அது கூறுகிறது. இவ்வுரிமை 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றிருந்தும், அதைப் பயன்படுத்தும் குடிமக்கள் மிகச் சிலரே. இருப்பதை அறிந்தவர்களும் சிலரே. இதைக் கற்பிக்க ஒரு வகுப்பு நேரத்தில் கால் மணி போதும்.

தொழிற்சாலைகளில் ஒழுங்கை நிலைநாட்டுவது அரசாங்கத்தின் கடமை; அக்கடமை எவர் விழிப்பினாலும் குறைந்துவிடாது. 2023 டிசம்பரில் தயாரிப்பு முறை பற்றிய ‘எம்’ அட்டவணை திருத்தப்பட்டதும், 2023 ஆகஸ்டு முதல் 300 வணிகப் பெயர்களின் சீட்டில் மின்குறியீடு கட்டாயமாக்கப்பட்டதும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் குறியீட்டைப் படிக்கும் கருவி கையில் இருந்தால் மட்டும் போதாது. படித்ததன் பொருளை உணரும் அறிவும் வேண்டும். தொழிற்சாலையில் ஒருவர் தவறியதும், பரிசோதனைச் சாலையில் ஒருவர் சோதிக்காது விட்டதும், கடையில் ஒருவர் கேளாது விற்றதும் ஆகிய அனைத்தையும் கடந்து வரும் புட்டி, கடைசியாக ஒரு சுகாதாரப் பணியாளரின் கண் முன்னே வந்து நிற்கிறது. அதற்கு அப்பால் குழந்தையின் வாய் தவிர வேறு தடை இல்லை. அக்கண்கள் சீட்டைப் படித்துப் பொருளுணரும்படி பயிற்றுவிப்பது நம் கல்விக் கூடங்களின் பொறுப்பாகும்.